பூவாளியோடை ஓடின மார்கழி

உரும்பிராயிலை ஒரு வீட்டு முன் முத்தத்திலை புல்லு முளைச்சுக் கிடந்தால் அதுக்கு ரெண்டே ரெண்டு அர்த்தம்தான். ஒண்டு, அந்த வீட்டு ஆக்கள் கனடாவிலை. மற்றது, அந்த வீட்டுப் பொம்பிளை சரியான சோம்பேறி. நான் கனடாவிலை இல்லை. ஆனபடியால், போன ஐப்பசியிலை என்ரை மனுசன் முன் முத்தம் முழுக்கப் புல்லு நடப்போறன் எண்டு சொன்ன உடனை, ஊர்ச்சனம் என்னை எந்தப் பக்கத்திலை சேக்கும் எண்டு எனக்கு அந்த இடத்திலையே விளங்கிப் போச்சு.

முப்பது வருசமா நான் கூட்டின முத்தம் அது. விடிய எழும்பி, ஈர்க்கு விளக்குமாத்தாலை வளைச்சு வளைச்சுக் கூட்டி, மண்ணிலை அந்தக் கோடுகள் வடிவா விழுந்தால்தான் எனக்குத் தேத்தண்ணி தொண்டையாலை இறங்கும். ஒரு புல்லு தலை நீட்டினாலும் குந்தியிருந்து வேரோடை பிடுங்கிப் போட்டுத்தான் மற்ற வேலை. அப்பிடிப்பட்ட என்னட்டை வந்து, புல்லை நட்டுத் தண்ணி விட்டு வளக்கப் போறன் எண்டால் எனக்குக் கோவம் வராமல் என்ன செய்யும். ஆனால் இவர் அதைச் சொன்ன விதம் இருக்கே, அதுக்குப் பிறகு மாட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.

இவர் பஸ் ஓடினவர். கொழும்பு, கண்டி எண்டு ஓடி ஓடி, கடைசி நாலைஞ்சு வருசம் நுவரெலியாப் பக்கம் ஓடினவர். அங்கை ஒரு வளைவிலை, தேத்தண்ணிக்கு நிப்பாட்டுற இடத்துக்குப் பக்கத்திலை, ஒரு பெரிய ஹோட்டல். அதுக்கு முன்னாலை பச்சைப் பசேலெண்டு புல்தரை. ஒரு நாள் இவர் தேத்தண்ணிக் கோப்பையோடை போய், செருப்பைக் கழட்டி ஓரமா வைச்சிட்டு, அந்தப் புல்லிலை ஏறி நிண்டிருக்கிறார். ரெண்டு மிடறு குடிக்கேல்லை, காவல்காரன் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்திட்டான். இவர் ஒரு கையிலை கோப்பையும் மற்றக் கையிலை செருப்புமாய் பஸ்ஸுக்கு ஓட்டம். பஸ்ஸிலை இருந்த சனம் முழுக்கப் பாத்திருக்குது. அதைவிடக் கரைச்சல், இவரோடை வேலை செய்த கொண்டக்டரும் பாத்திட்டார்.

கொண்டக்டர் குருநகர் ஆள். தங்கமான மனுசன், ஆனால் வாய் ஓயாது. அண்டைக்குத் தொடங்கின பகிடி, இவர் பென்சன் எடுத்த பிறகும் நிக்கேல்லை. ரெலிபோன் எடுத்தால் முதல் ஒரு விசில் அடிச்சுப் போட்டுத்தான் சுகம் விசாரிப்பார். இவரும் சேர்ந்து சிரிப்பார். போனை வைச்ச பிறகு முகத்தைப் பாத்தால் அந்தச் சிரிப்பு இராது. இதை நான் மட்டும்தான் கண்டனான்.

“எனக்கெண்டு ஒரு புல்லு வேணுமப்பா,” எண்டு அண்டைக்குச் சொன்னார். “அதிலை நான் செருப்பில்லாமல் நிண்டு ஒரு தேத்தண்ணி குடிக்கோணும். அந்தக் கொண்டக்டர் வந்து பாக்கோணும்.”

அறுபது தாண்டின மனுசன், விளையாட்டுச் சாமான் கேக்கிற பிள்ளை மாதிரி நிக்கிறார். நட்டுத் துலையுங்கோ எண்டு விட்டிட்டன்.

புல்லு நட்ட கூத்தைப் பாத்திருக்கோணும். இவர் பஸ் ஓடினாலும் பிறந்தது வெங்காயத் தோட்டக்காரர் வீட்டிலை. கயிறு பிடிச்சு, வரிசை பிரிச்சு, வெங்காயம் நடுற அதே இடைவெளியிலை ஒவ்வொரு புல்லா நட்டார். மழையும் வந்து கைகொடுத்தது. கார்த்திகை முடியேக்கை முத்தம் முழுக்கப் பச்சை. ஒழுங்கையாலை போற வாற ஆக்கள் எல்லாம் என்னட்டை, கனடாவுக்கு எப்ப பயணம் எண்டு கேட்டினம். ஒராள், வீட்டை வாடகைக்குக் குடுக்கிற யோசினை இருக்கோ எண்டு கூடக் கேட்டவ. நானும் இருக்கு, பாத்துச் சொல்லுறன் எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சன்.

இனி நாயைப் பற்றிச் சொல்லோணும். பென்சன் எடுத்த அண்டைக்கு இவர் வீட்டை கொண்டு வந்தது ரெண்டு சாமான். ஒண்டு பொன்னாடை, மற்றது அந்தப் பொன்னாடைக்குள்ளை சுத்தியிருந்த நாய்க்குட்டி. கடைசி ஓட்டத்துக்கு பஸ்ஸை எடுக்கப் போகேக்கை சில்லுக்குக் கீழை படுத்திருந்ததாம். என்ன செய்தும் எழும்பேல்லையாம். ஹோண் அடிச்சதுக்குக் கொட்டாவி விட்டதாம். அதைக் கேட்டு நான் உருகிப் போனன். பெட்டை நாய், மண்ணிறம், ஒரு காது நிமிந்தும் மற்றக் காது மடிஞ்சும் இருக்கும். பெயர் இருக்கு, ஆனால் இதிலை எழுதப் போறதில்லை. இப்பவே அதுக்குத் தலைக்கனம் கூடிப் போச்சு.

மழை இருந்த வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. மார்கழி பிறந்து மழை விட்டு நாலு நாள் போகேல்லை, புல்லிலை ஒரு மஞ்சள் பொட்டு. அடுத்த நாள் ரெண்டு. பேந்து பாத்தால், நெற்றியிலை சந்தனம் தடவின மாதிரி அங்கையும் இங்கையும் மஞ்சள். நான் குசினி யன்னலாலை பாத்துக்கொண்டு நிக்கிறன், எங்கடை ஆள் ஆடி அசைஞ்சு வந்து, புல்லிலை ஒரு சுத்துச் சுத்தி, வடிவான இடமாப் பாத்துக் குந்துது. ஆண் நாயெண்டால் மதிலுக்கோ மரத்துக்கோ காலைத் தூக்கிப்போட்டுப் போயிடும். இது பெட்டை, உள்ளது எல்லாத்தையும் ஒரே இடத்திலை இறக்கிப்போட்டு, இன்பமா எழும்பி வந்து என்ரை காலை நக்குது.

அந்த நேரம் பாத்து கொண்டக்டர் ரெலிபோன் எடுத்தார். இவர் அவரைத் தைப்பொங்கலுக்கு வரச் சொல்லி ஏற்கெனவே கேட்டிருந்தவர், புல்லிலை கதிரை போட்டுத் தேத்தண்ணி எண்டு. கொண்டக்டர் விசில் அடிச்சு முடிச்சு, நாய் வைச்சிருக்கிற வீட்டிலை புல்லு நிக்காது அண்ணை, நான் வரேக்கை கட்டாந்தரைதான் இருக்கும் எண்டு சொல்லியிருக்கிறார். இவருக்கு ரோசம் வந்திட்டுது.

“பொங்கலுக்கு இந்தப் புல்லிலை ஒரு மஞ்சள் பொட்டு இருந்தால், நாய் உடுப்பிட்டிக்குப் போகும். இது நான் சொல்லுற சொல்லு,” எண்டு போனிலை அடிச்சுச் சொல்லிப் போட்டார்.

உடுப்பிட்டியிலை இவற்றை தம்பி இருக்கிறார், பெரிய தோட்டம், நாயைக் கொண்டு போய் விட்டால் வேண்டாம் எண்டு சொல்லமாட்டார். நாய் போச்சு எண்டே நான் நினைச்சன். ஏன் எண்டால் இவர் சொன்ன சொல்லை மாத்தினதை நான் என்ரை வாழ்க்கையிலை காணேல்லை. கலியாணத்துக்கு மூண்டாம் நாள், என்ரை குழம்பிலை புளி கூட எண்டு சொன்னவர், இண்டைக்கும் கூட எண்டுதான் சொல்லுவார். நான் புளியே விடாத நாளிலையும் சொல்லுவார்.

பொங்கலுக்கு மூண்டு கிழமை இருந்தது. எனக்கு அந்த நாய் இல்லாமல் ஏலாது. பிள்ளையள் ரெண்டும் கொழும்பிலை. இவர் பின்னேரம் வாசிகசாலைக்குப் போனால் வீட்டிலை என்னோடை கதைக்கிற ஒரே ஆள் அதுதான். சரி, ஆள் கதைக்காது, ஆனால் கேக்கும். இவர் அதுவும் செய்யமாட்டார்.

இவர் போனை வைச்சிட்டு முத்தத்துக்கு வந்து, அந்தப் பொட்டுகளைப் பாத்துக்கொண்டு நிண்டார். நாயும் பக்கத்திலை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டது, தனக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத மாதிரி. எனக்கு அந்த நேரம் எங்கையிருந்து வந்துதோ தெரியாது, ஒரு புழுகு வாயாலை வந்து விழுந்திட்டுது. இது நாயின்ரை வேலை இல்லையப்பா, மழை எல்லாச் சத்தையும் கழுவிக்கொண்டு போட்டுது, புல்லுக்குச் சத்துக் காணாது போலை எண்டன். இவர் என்னை ஒரு பார்வை பாத்தார். பேந்து நாயைப் பாத்தார். ம் எண்டு ஒரு சத்தம் போட்டிட்டு உள்ளை போட்டார். அந்த ம் என்ன ம் எண்டு அண்டைக்கு எனக்கு விளங்கேல்லை.

அடுத்த நாள் இவருக்குத் தெரியாமல் ஓட்டோ பிடிச்சு மிருக வைத்தியரிட்டைப் போனன். நாயைக் கொண்டு போகேல்லை. நாயில்லாமல் ஒரு பொம்பிளை வந்து நாயின்ரை மூத்திரத்தைப் பற்றிக் கதைக்கிறா எண்டு அங்கை மாட்டோடையும் ஆட்டோடையும் நிண்ட ஆக்கள் எல்லாரும் காதைத் தீட்டிக் கொண்டு நிண்டவை. வைத்தியர் இளம் பிள்ளை, சிரிச்சுச் சிரிச்சு விளங்கப்படுத்தினா. நாய்க்கு ஒரு வருத்தமும் இல்லையம்மா. மூத்திரத்திலை இருக்கிறது புல்லுக்கு உரம்தான், ஆனால் ஒரே இடத்திலை அவ்வளவும் விழுந்தால் உரம் கூடி எரிஞ்சு போகும். புல்லு பட்டினியாலை சாகேல்லை, திண்டு கூடிச் சாகுது. அது இருந்திட்டு எழும்பின உடனை அந்த இடத்துக்கு நிறையத் தண்ணி ஊத்துங்கோ, எரியாது. அதோடை, அதுக்கெண்டு ஒரு மூலையைப் பழக்குங்கோ. இவ்வளவும்தான் மருந்து எண்டா.

நான் சொன்ன புழுகுக்கு உண்மை நேர் எதிர். இதைப் போய் இவரிட்டைச் சொன்னால் நாய்தான் குற்றவாளி எண்டு முடிவாயிடும். ஆனபடியால் வாயை மூடிக்கொண்டு, வீட்டிலை கிடந்த பழைய பூவாளியைத் தூசி தட்டி எடுத்தன்.

அதுக்குப் பிறகு நான் ஓடின ஓட்டம் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியிலையும் ஓடேல்லை. பூவாளி எப்பவும் நிரம்பின படி குசினி வாசல்லை. நான் தேங்காய் திருவினாலும் சரி, தோய்ச்ச உடுப்புக் காயப்போட்டாலும் சரி, ஒரு கண் நாயிலை. அது ஒரு சுத்துச் சுத்தத் தொடங்கினால் நான் எழும்பியிடுவன். குந்த, நான் பாதி வழி. எழும்ப, பின்னாலை சோவெண்டு தண்ணி. முதல் ரெண்டு நாள் அது திடுக்கிட்டுப் போச்சு. பேந்து அதுக்கு அது ஒரு மரியாதை மாதிரிப் பட்டிருக்கோணும், வேலை முடிஞ்ச பிறகு திரும்பி நிண்டு, தண்ணி விழுறதைப் பாத்திட்டுத்தான் போகும். நான் பிந்தினால் நிண்டு காத்திருக்கும்.

ஒரு நாள் இவர் பத்திரிகையைக் கீழை இறக்கிப்போட்டு, என்னப்பா இந்த ஓட்டம் எண்டு கேட்டார். எனக்குச் சீனி வருத்தம், டொக்டர் நடக்கச் சொன்னவர் எண்டன். நடக்கச் சொன்னவரோ ஓடச் சொன்னவரோ எண்டார். கெதியா நடக்கச் சொன்னவர் எண்டன். பூவாளி ஏன் எண்டார். வெறுங்கையோடை நடக்க வெக்கமாக் கிடக்கு எண்டன். மனுசன் தலையை ஆட்டிப்போட்டுத் திரும்பப் பத்திரிகைக்குள்ளை பூந்திட்டார். நான் குசினிக்குள்ளை போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சன்.

மூலை பழக்கினதும் ஒரு கதை. பின் வளவிலை வாழைக்குக் கீழை கொஞ்சம் மணல் பரவி, விடியவும் பின்னேரமும் கூட்டிக்கொண்டு போய், இருந்தால் ஒரு பிஸ்கற் எண்டு பழக்கினன். மூண்டே நாளிலை பிடிச்சுக்கொண்டுது. நான் பெருமையிலை பூரிச்சுப் போனன். நாலாம் நாள்தான் கள்ளம் பிடிபட்டுது. வாழையடிக்குப் போய், சும்மா ஒரு குந்துக் குந்தி எழும்புது. ஒரு சொட்டு இல்லை. பிஸ்கற்றை வாங்கித் திண்டிட்டு, நேரை முன் முத்தத்துக்கு வந்து புல்லிலை உண்மையான அலுவலைப் பாக்குது. இவ்வளவு மூளையை நான் என்ரை ரெண்டு பிள்ளையளிலையும் காணேல்லை.

எண்டாலும் ஒரு கிழமையிலை பலன் தெரிஞ்சுது. புதுப் பொட்டு ஒண்டும் வரேல்லை. பழைய பொட்டுகளுக்கு நடுவிலை பச்சை முனை எட்டிப் பாத்தது. பொங்கலுக்கிடையிலை சரிவந்திடும் எண்டு நான் மனசுக்குள்ளை தேங்காய் உடைச்சன்.

பேந்துதான் விசர் வேலை தொடங்கிச்சுது. ஆறிக்கொண்டு வந்த பொட்டுகள் திரும்பக் கருகத் தொடங்கினது. பொட்டு ஒவ்வொண்டும் தோசைக்கல்லளவு ஆச்சு. முத்தத்துக்கு நட்ட நடுவிலை, எங்கடை ஆளுக்கு நல்ல விருப்பமான இடம் ஒண்டு இருந்தது. அது சுளகளவு ஆகி, பேந்து சுளகையும் தாண்டிப் பரவுது. மஞ்சளும் இல்லை, தீ வைச்ச மாதிரி மண்ணிறம். நான் ஊத்துற தண்ணியை ரெண்டு மடங்காக்கினன், நாயைக் கண் வெட்டாமல் பாத்தன், ஒரு குந்தையும் தவற விடேல்லை. ஆனாலும் ஒவ்வொரு நாள் விடியவும் கருகல் கூடிக் கிடக்குது. இவர் வந்து பாப்பார், முகம் சுண்டிப் போகும், திரும்பி உள்ளை போயிடுவார். கதை எட்டி, உடுப்பிட்டித் தம்பியும் ஒரு பின்னேரம் ரெலிபோன் எடுத்து, நாய்க்குக் கூடு அடிக்கட்டோ எண்டு கேட்டார். இப்ப வேண்டாம் எண்டு போனை வைச்சன்.

திருவெம்பாவை தொடங்கியிருந்தது. அந்தப் பத்து நாளும் நான் வெள்ளாப்பிலை எழும்பி, தோய்ஞ்சிட்டு, அடுத்த ஒழுங்கைக் கோயிலுக்குப் போயிடுவன். போய்ப் புல்லுக்காகவும் நாய்க்காகவும் கும்பிட்டன். இதைக் கேட்டால் கடவுளுக்கே சிரிப்பு வந்திருக்கும். பொங்கலுக்குக் கிட்டின ஒரு நாள், கோயில்லை பாட்டுப் புத்தகத்தை விரிச்சால் ஒண்டும் தெரியேல்லை. மூக்குக் கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன். எடுத்துக்கொண்டு போவம் எண்டு திரும்பி வந்தன்.

படலை திறந்து கிடந்தது. விடிஞ்சும் விடியாத வெளிச்சம். புல்லு முழுக்கப் பனி. நட்ட நடுவிலை இவர் குந்தியிருக்கிறார், சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, தலையிலை துவாய். பக்கத்திலை ஒரு உரப்பை. அதுக்குள்ளை கையை விட்டு ஒரு பிடி வெள்ளை மணி அள்ளி, கருகின இடத்திலை ஆறுதலா, குழந்தைக்குச் சோறு தீத்துற மாதிரித் தூவுறார். யூரியா. தோட்டக்காரன் வீட்டிலை பிறந்த ஆளுக்கு வேறை என்ன தெரியும். வெங்காயம் வெளிறினால் ஒரு பிடி யூரியா, மிளகாய் வெளிறினால் ஒரு பிடி யூரியா. நான் சத்துக் காணாது எண்டு சொன்னன், மனுசன் அள்ளி அள்ளிச் சத்துக் குடுக்கிறார். ஏற்கெனவே உரம் கூடி எரிஞ்ச இடத்திலை, தண்ணியும் விடாமல், பனி ஈரத்திலை ஒட்டிப் பிடிக்கக் கூடியதா. நான் அணைக்க அணைக்க அவர் கொளுத்தியிருக்கிறார்.

நாய் அவருக்குப் பக்கத்திலை இருந்து, ஒரு காது நிமித்தி, அவற்றை கையைப் பாத்துக்கொண்டு இருக்குது. இவர் அதோடை கதைக்கிறார். என்னோடை அப்பிடி ஒரு குரலிலை கதைச்சதை நான் கேட்டதில்லை.

“பயப்பிடாதை பிள்ளை. கொக்கா நல்லவ, உன்னைக் காட்டிக் குடுக்காமல் பொய் சொன்னவ. எனக்குத் தெரியாதோ? நான் இதைப் பச்சையாக்கிப் போடுவன். உன்னை ஒரு இடமும் விடமாட்டன்.”

நான் படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அழுகை வருதா சிரிப்பு வருதா எண்டு எனக்கே தெரியேல்லை, ரெண்டும் ஒண்டா வந்து மூக்காலை போச்சு. அந்த ம் எண்டது இதுதான். சொன்ன சொல்லை மாத்த ஏலாது, நாயையும் விட ஏலாது. அதாலை என்ரை புழுகைப் பிடிச்சுக்கொண்டு இத்தனை நாளா எனக்கு ஒளிச்சு வைத்தியம் பாத்திருக்கிறார். நான் அவருக்கு ஒளிச்சு ஓடியிருக்கிறன். இதுக்குள்ளை என்னை நாய்க்கு அக்காவாக்கியும் போட்டார்.

நாய் என்னைக் கண்டிட்டு வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. இவர் திரும்பிப் பாத்தார். உரப்பையைச் சாரத்துக்குள்ளை ஒளிக்கப் பாத்தார் பாருங்கோ, அதைக் கண்ட பிறகு நான் ஈரப் புல்லிலை அப்பிடியே இருந்திட்டன். இருந்துகொண்டே எல்லாத்தையும் சொன்னன். மிருக வைத்தியர், பூவாளி, பிஸ்கற், எல்லாம். இவர் கேட்டுக்கொண்டு இருந்தார். பேந்து தன்ரை உள்ளங்கையிலை ஒட்டிக் கிடந்த உர மணிகளைப் பாத்தார்.

“அப்ப இதை எரிச்சது நான்தானோ?” எண்டார்.

ஓம் எண்டன். கையைச் சாரத்திலை துடைச்சார். பேந்து தோள் குலுங்கத் தொடங்கிச்சுது. அழுறாராக்கும் எண்டு கிட்டப் போனால், மனுசன் சத்தமில்லாமல் சிரிக்கிறார். கண்ணாலை தண்ணி வழியச் சிரிக்கிறார். அண்டைக்கு நான் திரும்பக் கோயிலுக்குப் போகேல்லை. ரெண்டு பேரும் அந்தக் கருகலுக்குப் பக்கத்திலை இருந்து, வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சம். நாய் எங்களைச் சுத்திச் சுத்தி ஓடி, கடைசியா, நீங்கள் நம்பமாட்டியள், எங்களுக்கு முன்னாலை குந்திச்சுது. ரெண்டு பேரும் ஒரே நேரத்திலை பூவாளிக்கு எழும்பினம்.

பொங்கலுக்கு நாலே நாள். சின்னப் பொட்டுகளுக்கு வழி இருந்தது. கருகினதைக் கிளறி எடுத்து, உரம் பட்ட மண்ணையும் அள்ளிப்போட்டுப் புது மண் போட்டு, மதில் ஓரத்துப் புல்லைக் கிண்டிக் கொண்டு வந்து இவர் ஒட்டிக்கொண்டு போனார். பட்ட வெங்காயத்துக்குப் பதில் வைக்கிற கை அது, ஒட்டின இடம் தெரியேல்லை. ஆனால் நடுவிலை கிடந்த பெரிய கருகலை மூட எங்களிட்டைப் புல்லு காணாது. இவர் இடுப்பிலை கை வைச்சுக்கொண்டு நிண்டார். கொண்டக்டர் வந்தால் முதல் கண்ணிலை படப் போறது இதுதான் எண்டு முகம் வாடிப் போச்சு.

அப்பதான் எனக்கு ஒண்டு உறைச்சுது. நான் இவரைப் பாத்து, இஞ்சருங்கோ, பொங்கல் பானையை எங்கை வைக்கப் போறியள் எண்டு கேட்டன். முத்தம் முழுக்கப் புல்லு நட்ட நேரம் ரெண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை. வருசம் வருசம் முத்தத்து நடுவிலை மெழுகி, கோலம் போட்டு, மூண்டு கல்லு வைச்சுப் பொங்கின இடம். அந்த இடத்திலை புல்லு. புல்லுக்கு மேலை அடுப்பு மூட்ட ஏலுமே? உரும்பிராயிலை பொங்கல் பானைக்கு இடம் விடாமல் முத்தத்தை மூடின முதல் ஆக்கள் நாங்களாத்தான் இருப்பம். எங்கடை ஆள் மார்கழி முழுக்க அந்த இடத்தைத்தான் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு இருந்திருக்குது.

இவர் ஓடிப் போய் மண்வெட்டி எடுத்தார். கயிறு பிடிச்சு, கருகலைச் சுத்தி நல்ல சதுரமா வெட்டி, மண் நிரப்பி இறுக்கினார். நான் சாணி கரைச்சு மெழுகினன். பொங்கலண்டு விடிய, பச்சைக்கு நடுவிலை அந்தச் சதுரத்திலை மாக்கோலம் போட்டு, கரும்பும் இலையும் கட்டி நிமிந்து பாத்தன். அப்பிடி ஒரு வடிவு. முப்பது வருசத்திலை என்ரை கோலம் அவ்வளவு எடுப்பா இருந்ததில்லை. புல்லை மனசார மன்னிச்சன்.

கொண்டக்டர் விடியவே வந்திட்டார், வாழைக்குலையும் ஒரு கட்டுச் சீனவெடியும் கொண்டு. படலைக்குள்ளை கால் வைச்சவர் அப்பிடியே நிண்டார். விசில் அடிக்க வாயைக் குவிச்சவர், அடிக்கேல்லை. பானைக்கெண்டு இடம் விட்டுப் புல்லு நட்டிருக்கிறியளே அண்ணை, நுவரெலியாக்காரனுக்கு இந்த மூளை வரேல்லையே எண்டார். இவர் என்ரை பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் ரெண்டு பேரும் துலைஞ்சம். எல்லாம் ஒரு யோசினையோடைதான் செய்தது எண்டு பெரிய மனுசன் மாதிரிச் சொன்னார்.

புல்லிலை கதிரை போட்டு, தேத்தண்ணி குடுத்தன். இவர் புது வேட்டி கட்டி, செருப்பைக் கழட்டி ஓரமா வைச்சிட்டு, கோப்பையோடை புல்லிலை ஏறி நிண்டார். ஒராளும் விசில் ஊதேல்லை. நான் அடுப்புப் புகைக்கு நடுவாலை அந்த முகத்தைப் பாத்தன். நெருப்புக்கு முன்னாலை நிக்கிறவைக்குக் கண் கலங்கினால் ஒராளும் கேக்கமாட்டினம், அது ஒரு வசதி.

சூரியன் வந்துது, பானை பொங்கிச்சுது, கொண்டக்டர் சந்தோசத்திலை சீனவெடியைக் கொளுத்திப் போட்டார். முதல் வெடிக்கே எங்கடை ஆள் மேலை எழும்பினது. முத்தத்தை ரெண்டு சுத்து ஓடிச்சுது. பேந்து பயத்திலை, நல்ல பச்சையான இடமாப் பாத்து, கொண்டக்டற்றை கதிரைக்குச் சரியா முன்னாலை குந்திச்சுது.

வெடி ஓய்ஞ்சு போச்சு. கொண்டக்டர் குனிஞ்சு பாத்தார், நிமிந்தார். அண்டைக்கு அந்தச் சொல்லைப் போனிலை கேட்ட ஆள் கொண்டக்டர்தான். இவற்றை ரோசத்தை எனக்குத் தெரியும். நான் அகப்பையோடை அடுப்படியிலை, பூவாளி குசினி வாசல்லை, ஏலாது, நான் போய்ச் சேரமாட்டன்.

கொண்டக்டர் வாயைத் திறந்தார். நாளைக்கு இதிலை மஞ்சள் பொட்டு வருமே அண்ணை, உடுப்பிட்டிப் பயணம் எப்ப எண்டு கேட்டார்.

ஆனால் இவர் கதிரையடியிலை இல்லை. கோப்பையைப் புல்லிலை வைச்சிட்டு, புது வேட்டியை ஒரு கையாலை தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, குசினி வாசலுக்கு ஓடிப்போய், பூவாளியோடை திரும்பி ஓடி வாறார். வந்து, கொண்டக்டற்றை காலடியிலை குனிஞ்சு, சோவெண்டு தண்ணி ஊத்துறார். நாய் வழமை போலை நிண்டு, தண்ணி விழுறதைப் பாக்குது. வேட்டிக் கரை முழுக்க நனைஞ்சு போச்சு.

“உடுப்பிட்டியிலை இதுக்குப் பின்னாலை ஆர் தண்ணியோடை ஓடுறது?” எண்டார்.

நிமிராமல், சத்தம் போடாமல், சாதாரணமாச் சொன்னார். முப்பது வருசத்திலை அவர் மாத்தின முதல் சொல்லு அது. கொண்டக்டர் ஒரு பகிடியும் விடேல்லை. குனிஞ்சு தன்ரை சப்பாத்தைக் கழட்டி, இவற்றை செருப்புக்குப் பக்கத்திலை வைச்சிட்டு, ஈரப் புல்லிலை இறங்கி நிண்டார். இவர் வெறும் பூவாளியை என்ரை பக்கம் நீட்டினார். இன்னும் கொஞ்சம் ஊத்தோணுமப்பா எண்டார். நான் அகப்பையை அங்கையே வைச்சிட்டுக் கிணத்தடிக்கு ஓடினன்.